எழுத்துக் கூட்டத் தெரியும், புரியாது: மோன் மாநிலத் தமிழ் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பத்து வயதுச் சிறுமி. வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான் பேசுகிறாள். 247 எழுத்துகளையும் தடுமாறாமல் சொல்கிறாள். "குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்ற வரியைக் கொடுத்தால் விரலை வைத்து எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிடுகிறாள். "என்ன புரிஞ்சுது பாப்பா?" என்று கேட்டால், "தெரியல டீச்சர்" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோயில் வாசலைப் பார்த்து, "புள்ளைங்க வெளாண்டுக்கிட்டிருக்காங்க, நானும் போவா?" என்று அவளே கேட்கிறாள். படித்த வரியும் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய ஒரே வாக்கியம். அவளுக்கு அப்படித் தெரியவில்லை.

இந்தச் சிறுமியைப் பற்றியும், இரண்டு கோடை விடுமுறைகளில் அவளோடு வகுப்பில் என்ன செய்தோம் என்பதைப் பற்றியும் எழுதுகிறேன். அவள் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். நோட்டில் இருந்ததும் வீட்டுச் சூழலும் போதும். அவளுக்குத் தமிழ் குறையவில்லை என்பது என் முடிவு. எழுத்துத் தமிழ் அவள் காதில் விழுந்ததே இல்லை. காதில் விழாத மொழியைக் கண்ணால் படிக்கச் சொல்லிவிட்டு, புரியவில்லை என்றால் பிள்ளை மந்தம் என்று எழுதிவைக்கிறோம்.

இடமும் பின்னணியும்

மியான்மரின் (பர்மாவின்) மோன் மாநிலத்தில், தட்டோனிலிருந்து மோல்மேன் போகும் வழியில் ஒரு சிற்றூர். நெல்லும் ரப்பரும்தான் பிழைப்பு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வெள்ளைக்காரர் காலத்தில் மேஸ்திரிகள் வழியாகக் கப்பலேறி வந்தவர்கள். 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டுவழியே நடந்து இந்தியாவுக்குப் போனார்கள். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகள் அரசுடைமையான பிறகு இன்னொரு பெருங்கூட்டம் கப்பலேறியது. நிலத்தை நம்பியிருந்தவர்களில் பலர் தங்கிவிட்டார்கள். தனியார் பள்ளிகள் அரசின் கைக்குப் போனதும் தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் இல்லாமல் போயின. அப்புறம் இந்த நாட்டில் தமிழ் எழுத்தைக் காப்பாற்றி வந்தவை கோயில் கூடங்களும் தேவாலயங்களும் விடுமுறை வகுப்புகளும்தான்.

எங்கள் வகுப்பும் அப்படி ஒன்று. பர்மியப் பள்ளி ஜூனில் திறக்கும். மார்ச் முதல் மே வரையிலான விடுமுறையில் நாள்தோறும் காலையில் கோயில் கூடத்தில் வகுப்பு நடக்கும். மற்ற மாதங்களில் ஞாயிறு மட்டும். மழைக்காலத்தில் அதுவும் விட்டுவிட்டுத்தான். சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் தொண்டர்கள், யாருக்கும் ஆசிரியர் பயிற்சி கிடையாது. புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து யாராவது வரும்போது கொண்டுவருபவை. அந்தப் புத்தகங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்த நிகழ்வில் அது சின்ன விஷயமே இல்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளையும் வீட்டில் "வெளாண்டுக்கிட்டிருக்காங்க" என்றுதான் சொல்கிறது. ஆனால் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அதன் காதில் எழுத்துத் தமிழ் விழுந்துவிடுகிறது. தொலைக்காட்சிச் செய்தி, ரயில் நிலைய அறிவிப்பு, மேடைப் பேச்சு, தேர்தல் நேரத்து ஒலிபெருக்கி என்று எத்தனையோ வழிகள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பதை எந்தக் குழந்தையும் வீட்டில் பேசுவதில்லை, கேட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. செய்தி பர்மியம், அறிவிப்பு பர்மியம், பள்ளி பர்மியம். தமிழ் சேனல் வரும் வீடுகளிலும் ஓடுவது படமும் சீரியலும். அவற்றில் வருவது பேச்சுத் தமிழ். ஆக, எழுத்துத் தமிழை அவள் முதன்முதலாகச் சந்திப்பதே அச்சிட்ட தாளில்தான்.

நோட்டில் இருந்தது

முதல் கோடையின் நடுவில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நேற்று நடந்ததை எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

"நேத்து மள பேஞ்சுச்சு. கொட எடுத்துட்டு போகல. நா நனஞ்சு போய்ட்டே. அப்பாயி திட்டுச்சு."

தொண்டர் ஒருவர் அதைத் திருத்தியபோது சிவப்பு மை படாத சொல் ஒன்றிரண்டுதான் மிஞ்சியது. எனக்கு அந்த நாலு வரியைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்தது. அவள் வாய் என்ன சொல்கிறதோ அதை அப்படியே, எழுத்துக்கு எழுத்து, பிடித்திருந்தாள். ஒலியைக் கேட்டு எழுத்தாக மாற்றும் வேலையில் அவளிடம் ஒரு குறையும் இல்லை. மாற்றிய மொழிதான் புத்தகத்தின் மொழி அல்ல.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். நேற்று, நேத்து: ற்ற் வரும் இடத்தில் பேச்சில் த்த். மழை, மள: ழகரம் ளகரமாகி, கடைசி ஐகாரம் அகரமாகிவிட்டது. குடை, கொட: முதல் எழுத்தின் உகரம் ஒகரமாகியிருக்கிறது. நனைந்து, நனஞ்சு: ஐகாரத்துக்குப் பின் ந்த் வந்தால் பேச்சில் ஞ்ச். எல்லாமே ஒழுங்கான மாற்றங்கள். காற்று காத்து ஆவதும் இலை எல ஆவதும் படித்தான் படிச்சான் ஆவதும் இதே தடத்தில்தான். ஒரு பிள்ளை ஒழுங்கின்றிப் பிழை செய்தால் பயப்படலாம். இவள் பிழைகள் இலக்கணம் மாதிரி இருந்தன.

"அப்பாயி திட்டுச்சு" என்பதைத் திருத்தியவர் "அஃறிணை" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பள்ளி இலக்கணப்படி சரிதான். ஆனால் தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியில் வந்த வீடுகளில் பாட்டியையும் அத்தையையும் "வந்துச்சு, சொல்லுச்சு" என்று சொல்வதில் அவமரியாதை கிடையாது. உரிமையும் பாசமும்தான் இருக்கிறது. சிறுமிக்கு அந்தத் திருத்தத்தின் பொருளை விளக்கியபோது அவள் முகம் சுருங்கிவிட்டது. அப்பாயியை மாடு, நாய் என்று சொன்னதாக அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அப்புறம் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பேச்சைப் பிழை என்று திருத்தும்போது அந்தச் சிவப்பு மை வீட்டுக்குள்ளேயும் போய்விடுகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்னொரு வகைப் பிழை பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. மரம் என்பதை "மர்" என்று எழுதுவாள். படம் என்பதை "பட்", பழம் என்பதை "பள்". கடைசி எழுத்தை விட்டுவிடுகிறாள், கவனக்குறைவு என்றுதான் குறிப்பு இருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்தேன். மகரத்தை விடவில்லை. "மர" என்று எழுதி, ரகரத்தின் தலையில் நிதானமாக ஒரு சின்ன வட்டம் வரைந்தாள். பர்மிய எழுத்தில் ஒரு மெய்யின் மேல் அப்படி வட்டம் போட்டால் அது மூக்கொலியோடு முடியும். தேதேதின் என்பார்கள். தமிழர் வாயில் மரம் என்ற சொல் வாக்கியக் கடைசியில் எப்படி ஒலிக்கிறது? உதடு மூடுவதே இல்லை. அகரம் மூக்கு வழியாகப் போய் முடிந்துவிடுகிறது. பள்ளியில் கற்ற அடையாளத்தை வைத்து அந்த மூக்கொலியை அவள் துல்லியமாக எழுதியிருக்கிறாள். தமிழில் அதே வட்டம் புள்ளியாகி உயிரைக் கழற்றிவிடும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பர்மியத்தில் உயிரைக் கழற்றும் குறி வேறு, வளைந்த கோடு மாதிரி இருக்கும். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மர், பட், பள் எல்லாம் அந்த வாரத்திலேயே மறைந்தன.

அப்பாயியும் கடிதங்களும்

வீட்டுக்குப் போனபோது கண்டதுதான் என் யோசனையைத் தெளிவாக்கியது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அறுபதுகளில் இந்தியாவுக்குக் கப்பலேறிய தங்கை அனுப்பிய பழைய கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். பேத்தி தமிழ் படித்து அவற்றை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "எழுத்தெல்லாம் படிச்சிருச்சு டீச்சரம்மா, ஆனா காயிதத்தக் குடுத்தா ஒண்ணும் வெளங்கலங்குது" என்றார்.

ஒன்றை எடுத்து வாசிக்கச் சொன்னோம். "அன்புள்ள அக்காவுக்கு, இங்கு யாவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல்." சிறுமி எழுத்துக் கூட்டிக் கூட்டி முடித்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் சொகமா இருக்காங்களாம், நாம எப்படி இருக்கோம்னு கேக்குது" என்று பேத்திக்கு விளக்கினார்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் புரிகிறது, வாசித்தவளுக்குப் புரியவில்லை. அப்பாயி சின்ன வயதிலிருந்து யாராவது கடிதம் வாசிக்கக் கேட்டவர். மார்கழியில் கோயிலில் பாரதக் கதை படிக்க உட்கார்ந்து கேட்டவர். வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்ட தலைமுறை. "நலமறிய ஆவல்" என்று அவர் ஒரு நாளும் பேசியிருக்க மாட்டார். ஆனால் அது அவர் காதில் ஏறிக்கிடக்கிறது. படிப்பதற்கு வேண்டிய பாதி பேத்தியிடமும் மறுபாதி பாட்டியிடமும் இருந்தது. வகுப்பில் நாங்கள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது முதல் பாதியை மட்டும்தான். இரண்டாவது பாதி தானாக வந்துவிடும் என்று எல்லாத் தமிழ்ப் புத்தகங்களும் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் ஓரளவு வந்தும்விடுகிறது. மோன் மாநிலத்தில் வராது.

இந்த நிலை தமிழுக்கு மட்டும் உரியது இல்லை. பேச ஒரு வழக்கு, எழுத இன்னொரு வழக்கு என்று ஒரு சமூகம் வைத்துக்கொள்வதை இரட்டை வழக்கு என்கிறோம். 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் வைத்து இதை விளக்கினார். அரபுப் பிள்ளைகளைப் பற்றித்தான் ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. எலினோர் சைக்-ஹத்தாத் காட்டிய ஒன்று எங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது: பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிள்ளைகளால் எளிதில் பிரித்து உணர முடிவதில்லை, அந்த ஒலிகள் வரும் சொற்களைப் படிப்பதும் கடினமாகிறது. 1993-இல் டீனா ஃபைடல்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதைவிடப் பயனுள்ளது. பள்ளி சேரும் முன்பிருக்கும் அரபுப் பிள்ளைகளுக்கு எழுத்து வழக்கில் உள்ள கதைகளை மாதக்கணக்கில் வாசித்துக் காட்டினார்கள். புரியாது, பிள்ளைகள் குழம்பும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. கேட்டு வந்த பிள்ளைகள் கேட்காதவர்களைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், கதை சொல்லவும் தேர்ந்தார்கள். அப்பாயிக்குக் கோயிலில் நடந்ததை அந்த ஆய்வாளர்கள் வகுப்பறையில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டவுன் பையன்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிள்ளை இருந்தான். மோல்மேன் டவுனிலிருந்து விடுமுறைக்கு மாமா வீட்டுக்கு வருபவன். அவன் வீட்டில் பேசுவது பர்மியம். தமிழ் அவனுக்கு வகுப்பில்தான். அவன் நோட்டு சுத்தமாக இருந்தது. "நேற்று மழை பெய்தது" என்று பிசகாமல் எழுதுவான். அவனுக்கு "நேத்து" என்ற சொல்லே தெரியாது, குழம்ப ஒன்றும் இல்லை. அவனைக் காட்டி, "வீட்ல தமிழே பேசாத புள்ள எவ்ளோ நல்லா எழுதுது பாரு" என்று சிறுமியிடம் சிலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு அவளைக் கூனிக்குறுக வைத்தது.

ஆனால் பாடம் நீண்டு, நாலு வரிக்கு மேல் கதையாக வந்ததும் நிலைமை மாறியது. அவன் மனப்பாடம் செய்த சொற்கள் தீர்ந்துபோயின. சிறுமியிடம் தீராத மொழி இருந்தது. ஒரு சொல்லுக்கும் தன் வாய்ச் சொல்லுக்கும் உள்ள உறவு தெரிந்துவிட்டால் அதற்குப் பின்னால் நூறு சொல் சேர்ந்து வந்தன. வீட்டுத் தமிழ் தடை என்று நினைப்பவர்கள் இரண்டாவது கோடை வரை பொறுத்துப் பார்க்க வேண்டும்.

"தமிழ்லயும் தி, தெ இருக்கா?"

திருப்பம் பர்மியப் பாடநூல் வழியாக வந்தது. பர்மியமும் இரட்டை வழக்குள்ள மொழி. வாக்கியத்தை முடிக்கும் விகுதி பேச்சில் "தெ", எழுத்தில் "தி". நடக்கப்போவதற்குப் பேச்சில் "மெ", எழுத்தில் "மியி". பன்மைக்குப் பேச்சில் "துவே", எழுத்தில் "மியா". "இந்த" என்பதற்குப் பேச்சில் "தி" என்று (மேலே சொன்ன விகுதி அல்ல) ஒரு சொல் இருக்க, எழுத்தில் "இ" என்று வேறொன்று. 1960-களின் நடுவில் மாந்தலே பக்கத்து எழுத்தாளர்கள் எழுத்து நடையை விட்டுவிட்டுப் பேச்சு நடையிலேயே எல்லாவற்றையும் எழுதுவோம் என்று இயக்கமே நடத்தினார்கள். கதைகளில் பேச்சு நடை நிறைய இடம் பிடித்தது. அரசாணையும் செய்தித்தாளும் பாடநூலும் பழைய நடையை விடவில்லை. எழுத்துகளும் அப்படித்தான். இந்த நாட்டின் பெரிய நகரமான யாங்கூனை ரகரம் போட்டு எழுதி யகரமாகப் படிக்கிறார்கள். நம் ஆட்கள் சொல்லும் ரங்கூன் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சிறுமி பர்மியப் பள்ளியில் நன்றாகப் படிப்பவள். அவளுடைய பர்மியப் பாடநூலை எடுத்து ஒரு வரி வாசிக்கச் சொன்னேன். "...துவாதி" என்று முடித்தாள். "இதையே உன் சிநேகிதிகிட்ட எப்படிச் சொல்லுவ?" நொடியும் யோசிக்காமல் "துவாதெ" என்றாள். ஏன் மாத்தின என்று கேட்டதற்கு, புத்தகத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, அது எல்லாருக்கும் தெரியுமே என்பது போல என்னைப் பார்த்தாள். அப்புறம் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்ற வரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தாள். "வெளாண்டுக்கிட்டிருந்தாங்க... அப்ப தமிழ்லயும் தி, தெ இருக்கா டீச்சர்?"

இருக்கிறது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பர்மியப் பள்ளியில் சயாமா (ஆசிரியை) எழுத்து நடையில் உரக்க வாசிப்பார், வகுப்பே கூடச் சொல்லும், பிறகு அவர் பேச்சு நடையில் விளக்குவார். இரண்டும் ஒரே வகுப்பில், ஒரே வாயிலிருந்து, நாள்தோறும் வரும். தமிழ் வகுப்பிலோ நாங்கள் எழுத்தை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு, "சுத்தமா பேசு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

செய்து பார்த்தவை

இரண்டாவது கோடையில் வரிசையை மாற்றினோம். முதலில் காது. வகுப்பு தொடங்கியதும் ஒரு கதையை எழுத்துத் தமிழில் உரக்க வாசித்தோம். நிறுத்தி நிறுத்தி விளக்கவில்லை. கதை முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் பேச்சில் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். "நரி வந்துச்சாம், காக்காகிட்ட பாட்டு பாடச் சொல்லுச்சாம்" என்று சொன்னால் யாரும் திருத்தக் கூடாது. ஒரே கதையைப் பல நாள் வாசித்தோம். பிள்ளைகளுக்குச் சலிக்கவில்லை, நாங்கள் சொல்லும் முன்பே "கூறியது" என்று முடிக்க ஆரம்பித்தார்கள். கூறு என்ற சொல் அவர்கள் வீடுகளில் கிடையாது. பாடநூலில் பொருள் எழுதி மனப்பாடம் செய்தும் நிற்காத சொல், கதை வழியாக நின்றது.

அடுத்தது நோட்டு. இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து. பிள்ளை முதலில் இடப்பக்கத்தில் தன் வாய்மொழியை எழுதும். அதில் பிழை என்ற ஒன்றே கிடையாது. பிறகு நாங்களும் பிள்ளையும் சேர்ந்து வலப்பக்கத்தை எழுதுவோம். இரண்டு பக்கத்தையும் பார்த்துப் பிள்ளைகளே மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். சொற்கள் தாமாக மூன்று கட்டாகப் பிரிந்தன. அம்மா, பாட்டு, வீடு, மாடு போல இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருப்பவை. காத்து, காற்று போல ஒலி மட்டும் மாறுபவை. தண்ணி–நீர், சோறு–உணவு, குடுக்குறாங்க–தருகிறார்கள் என்று சொல்லே வேறாக இருப்பவை. இரண்டாவது கட்டுதான் மிகப் பெரியது. அது விதிக்குக் கட்டுப்படுவது என்பதால் அங்கேதான் உழைப்பைப் போட வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒன்றாகவே இருக்கும் சொற்களில் தொடங்கி, பிள்ளைக்குப் படிக்க முடிகிறது என்ற தெம்பு வந்த பிறகு ஒலி மாறும் சொற்களுக்குப் போனோம்.

கிளம்பிய புதுப் பிழைகள்

விதி தெரிந்ததும் சிறுமி அதை எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தாள். காத்து காற்று ஆகிறதென்றால் பத்து ஏன் பற்று ஆகக் கூடாது? கத்தி "கற்றி" ஆனது. படிச்சான் படித்தான் ஆகிறது, எனவே பச்சை "பத்தை" ஆனது. கொட குடை ஆகிறது, எனவே "தேசியக் குடி ஏற்றினார்கள்" என்று எழுதினாள். கூடம் சிரித்தது. நான் சிரித்தவர்களை அடக்கினேன். இவை நல்ல பிழைகள், பிள்ளை ஒலியிலிருந்து எழுத்துக்குப் பாலம் போட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

விதியின் எல்லையைக் காட்டினால் இவற்றில் பாதி சரியாகிவிடும். இகரமும் உகரமும் எகரமாகவும் ஒகரமாகவும் மாறுவது அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால்தான்: இலை, இடம், விலை, குடை, உலகம். கொடியில் அடுத்து வருவது இகரம், ஆகவே அது எழுத்திலும் கொடியேதான். இதைச் சொன்னபோது அவள் தானே தேடிப் போய், "அப்ப தொடை எழுத்துல துடையா?" என்று கேட்டாள். இல்லை, அது தொடைதான். வாயில் ஒகரமும் அடுத்து அகரமும் வந்தால் எழுத்தில் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், அங்கே கண்ணால் பார்த்துத்தான் மனதில் வைக்க வேண்டும். ச்ச, த்த மாற்றம் இறந்தகால வினையில் மட்டும், அதுவும் இகரம், ஐகாரம், யகர மெய்யின் பின்னால்: குடிச்சான், ஒடச்சான், தேச்சான். குடுத்தான், எடுத்தான் என்பவற்றில் முன்னால் உகரம், ஆகவே பேச்சிலும் த்த் அப்படியே நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது கடினம் என்று சொன்னார்கள். பாண்டி ஆட்டத்தின் விதிகளை விடக் கடினம் இல்லை.

விதி உதவாத இடங்களும் உண்டு. ழகரமும் ளகரமும் எங்கள் பேச்சில் ஒன்று. ரகரமும் றகரமும் ஒன்று. வாயைக் கேட்டால் பதில் வராது. அந்தச் சொற்களைச் சுவரில் எழுதித் தொங்கவிட்டோம். திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெரியவர்களின் தயக்கம்

நோட்டின் இடப்பக்கத்தைப் பார்த்த ஒரு பெரியவர் கோபப்பட்டார். "அம்பது வருசமா தமிழக் காப்பாத்தி வச்சிருக்கோம், இங்க கொச்சையா எழுதச் சொல்லிக் குடுக்குறீங்களே" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. பள்ளியும் பத்திரிகையும் போன பிறகு எழுத்துத் தமிழ் ஒன்றுதான் கௌரவம் என்று பிடித்துக்கொண்டு வாழ்ந்த தலைமுறை அது. நான் வாதாடவில்லை. வலப்பக்கத்தை அவருடைய பேத்தியை விட்டு வாசித்துக் காட்டச் சொன்னேன். அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார், பிறகு அவரையே காலைக் கதை வாசிக்கக் கேட்டுக்கொண்டோம். கோயிலில் பாரதம் படித்த குரல் அது, எங்களில் யாருக்கும் அப்படி வாசிக்க வராது.

பாடத்தையே பேச்சுத் தமிழில் அச்சிட்டுவிடலாமே என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நான் அதை ஏற்கவில்லை. யாருடைய பேச்சில் அச்சிடுவது? மோல்மேன் பேச்சு வேறு, மதுரைப் பேச்சு வேறு, யாழ்ப்பாணப் பேச்சு வேறு. தங்கையின் கடிதத்தையும் சென்னையில் அச்சான கதையையும் எங்கள் பிள்ளை ஒரே கண்ணால் படிக்க முடிவது எழுத்துத் தமிழ் பொதுவாக இருப்பதால்தான். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்தபோது பேச்சுத் தமிழையும் வகுப்புக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தார்கள். எழுத்தைக் கைவிடவில்லை, பேச்சுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது. எங்கள் சூழலில் பேச்சுத்தான் பிள்ளையின் கையில் இருக்கும் ஒரே முதல்.

இப்போதைய நிலை

சிறுமி இப்போது அறிமுகமில்லாத கதையை மெதுவாக வாசித்து, கேட்டால் தன் பேச்சில் சொல்லிவிடுகிறாள். டப்பாவில் இருந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றை அப்பாயிக்கு வாசித்துவிட்டாள். கையெழுத்து மோசமான சிலவற்றில் இன்னமும் அப்பாயிதான் அவளுக்கு உதவுகிறார். எழுதுவது படிப்பதைவிடப் பின்தங்கியே இருக்கிறது. "இலைகள் உதிர்ந்தன" போன்ற பன்மை வினைகள் அவளுக்கு வரவில்லை. பேச்சில் "எலையெல்லாம் உதுந்துருச்சு" என்று ஒருமையிலேயே முடிந்துவிடுவதால் பிடிக்க அங்கே கொம்பு இல்லை. ஆகவே, எனினும், மேலும் என்ற இணைப்புச் சொற்களும் அப்படியே. டவுன் பையனுக்கு இந்த முறை அவ்வளவாக உதவவில்லை. அவனுடைய இடப்பக்கம் காலியாக இருந்தது. அவனுக்கு முதலில் பேச்சுத் தமிழ் வேண்டும். இந்தக் கோடையில் அவனைச் சிறுமியோடு சேர்த்து உட்காரவைத்து, இடப்பக்கத்தை அவள் சொல்ல அவன் எழுதுவது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். வலப்பக்கத்தில் அவன் அவளுக்குத் துணை.

எங்களுக்கு இப்போது பெரிய தட்டுப்பாடு வாசித்துக் காட்டும் கதைகளுக்குத்தான். வந்துசேரும் புத்தகங்களில் பாதி பாடநூல், மீதி பெரியவர்களுக்கானவை. உரையாடல் பேச்சிலும் கதை எழுத்திலும் இருக்கிற சின்னச் சின்னப் படக்கதைகள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கின்றன. ஒரே பக்கத்தில் இரண்டு வழக்கும் இருப்பதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சிலேயே கிடைத்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இனி பாடநூல் வேண்டாம், அந்த மாதிரிப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.